புத்தாண்டுக் குடும்பத் திட்டம்: சபதம் வேண்டாம், தேதி போடுங்கள்

ஜனவரி முதல் தேதி காலையில் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ‘இந்த வருஷம் என்னென்ன செய்யலாம்’ என்று கேட்பதைப்போல வீண் வேலை வேறு இல்லை. பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். மீதிப் பேர் வாழ்த்துச் செய்திகளுக்குப் பதில் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு வாயில் வருவதெல்லாம் ஆசை. ஒரு காரியத்துக்கு நாள் குறித்து, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் வைத்த பிறகே அதைத் திட்டம் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் ஜனவரியின் முதல் இரண்டு ஞாயிறுகளில் ஏதாவது ஒன்றில், மதியத் தூக்கத்துக்குப் பிறகு உட்காருவோம். எந்த ஞாயிறு என்பதை என் டூட்டிப் பட்டியல் முடிவு செய்யும். நான் மருத்துவமனையில் ஷிஃப்டில் வேலை பார்க்கிற செவிலியர். கணவருக்கு அலுவலக வேலை, மகளுக்கு வயது பதினாலு, மகனுக்கு எட்டு, கூடவே என் அத்தை, அதாவது கணவரின் அம்மா. ஐந்து பேருக்கும் ஐந்து விதமான நேரம் என்பதால் இந்த வேலையைக் கொஞ்சம் கறாராகவே செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முறையை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மணி நேரம் போதும். அதற்குமேல் இழுத்தால் சின்னப் பிள்ளைகள் நெளிவார்கள், பெரியவர்கள் சண்டைக்குத் தயாராவார்கள். கைபேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். மதிப்பெண், யாருடைய உடல் எடை, கடன் ஆகிய மூன்றும் அன்றைக்குப் பேச்சில் வரக்கூடாது. கடனைப் பெரியவர்கள் தனியாகப் பேசிக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் பேசாமலே விட்டாலும் குடிமுழுகிப் போகாது.

முந்தின நாள் வேலை

உண்மையான உழைப்பு முந்தின நாள் மாலையில் இருக்கிறது. வங்கிக் கணக்கின் கடந்த பன்னிரண்டு மாத விவரத்தை எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் உட்காருங்கள். மாதாமாதம் போகிற செலவைப் பார்க்கத் தேவையில்லை, அது மனப்பாடமாகவே இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து ‘திடீர்ச் செலவு’ என்று பெயர் வாங்குகிறதே, அதை மட்டும் வட்டமிடுங்கள். காப்பீட்டுப் பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி டயர், வீட்டு வரி, உறவில் ஒரு கல்யாணம், துவைக்கும் இயந்திரத்தின் பழுது. நிதானமாகப் பார்த்தால் இவற்றில் திடீரென்று வந்தது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பிரீமியம் போன வருஷமும் இதே மாதத்தில்தான் வந்தது.

எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுங்கள். மொத்தம் 72,000 வந்தால் மாதம் 6,000. அந்தத் தொகை சம்பளம் வந்த மறுநாளே வேறொரு கணக்குக்குத் தானாகப் போகிற மாதிரி செய்துவிடுங்கள். முதல் வருஷம் மட்டும் கொஞ்சம் இடிக்கும். பிப்ரவரியில் பெரிய செலவு காத்திருந்தால் அதற்குள் இரண்டு மாதப் பணம்தானே சேர்ந்திருக்கும்? ஆகவே முதல் நான்கு மாதத்தில் வருகிற செலவுகளைத் தனியே எழுதி, அவற்றுக்கு மட்டும் கையிருப்பிலிருந்து இப்போதே ஒதுக்கிவிடுங்கள். மீதிக்கு வகுத்தல் கணக்கு சரியாக வரும்.

பணத்தை மூடி வைத்துவிட்டு, கைபேசியில் கடந்த வருஷப் படங்களை ஜனவரியிலிருந்து தள்ளிக்கொண்டே வாருங்கள். எங்கே எல்லோருடைய முகமும் தெளிவாக இருக்கிறதோ அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிகம் செலவழித்த நாளும் இந்த நாளும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அடுத்த வருஷத்துக்கு எதைத் திரும்பச் செய்யலாம் என்பதை இந்தப் படங்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

முந்தின நாளே செய்ய வேண்டியது இன்னொன்றும் உண்டு. வீட்டில் மூத்தவர் இருந்தால் அவரிடம் தனியாகக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்: “எனக்கென்னப்பா வேணும், நீங்கள்லாம் நல்லா இருந்தா போதும்.” நான் அத்தையிடம் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். முதலில் அதே பதில்தான். நான் விடாமல் மடித்துக்கொண்டிருந்தேன். நாலாவது சட்டைக்கு, “என் தங்கச்சிக்கு முட்டி வலியாம்ல. அவளால இனிமே இங்க வர முடியாது” என்றார்கள். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. மறுநாள் பட்டியலில் முதல் பயணமாக அது ஏறியது, பேரன் கையெழுத்தில்.

பன்னிரண்டு மாதமும் ஒரே சுவரில்

நாள்காட்டியில் மாதத்துக்கு ஒரு பக்கம் இருந்தால் ஒரு மாதம் இன்னொரு மாதத்தை மறைத்துவிடும். பன்னிரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். கைபேசி நாள்காட்டி நினைவூட்டலுக்கு நல்லது, ஆனால் எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே நேரத்தில் பார்த்துப் பேச அது உதவாது. ஆளுக்கு ஒரு நிறம் என்கிற முறை பார்க்க அழகு. பிப்ரவரியில் பச்சைப் பேனா காணாமல் போகும், ஏப்ரலில் எல்லாம் நீலமாகிவிடும். பெயரின் முதல் எழுத்தே போதும். மாற்ற முடியாததைப் பேனாவிலும், மாற்றக்கூடியதைப் பென்சிலிலும் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதி வாக்குவாதத்தைக் குறைக்கும்.

கட்டம் போடுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அப்போது ஒரு வேடிக்கையையும் சொல்லிக்கொடுக்கலாம். எந்த வருஷமானாலும் 4/4, 6/6, 8/8, 10/10, 12/12 ஐந்தும் ஒரே கிழமையில்தான் வரும். ஜான் கான்வே என்ற கணித மேதை, எந்தத் தேதிக்கும் மனக்கணக்கிலேயே கிழமை சொல்லும் முறை ஒன்றை உருவாக்கினார். அதில் இந்த நாள்களே பிடிமானம். அந்த ஒரு கிழமை தெரிந்தால் வருஷத்தின் பாதித் தேதிகளை விரல் விட்டே எண்ணிவிடலாம். என் மகன் இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிறந்தநாள் கேட்டுக் கிழமை சொல்லிக்கொண்டிருக்கிறான், தடுக்க முடியவில்லை. பெரியவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு: 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். அதனால் இந்த வருஷம் வெள்ளியில் வருகிற நாள் அடுத்த வருஷம் சனிக்கு நகரும், இடையில் பிப்ரவரி 29 வந்தால் ஞாயிறுக்குத் தாவும். பெரிய விழாவை ஒரு வருஷம் தள்ளலாமா என்று யோசிக்கும்போது இது உதவும்.

எழுதுகிற வரிசை முக்கியம். முதலில் நம் கையில் இல்லாதவை: தேர்வுகள், பள்ளி விடுமுறை, தெரிந்தவரை டூட்டி, உறுதியான கல்யாணங்கள், பணம் கட்டக் கடைசி நாள்கள். அடுத்து ஆவணங்கள். பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் கடைசித் தேதியை நம்பாதீர்கள். நாம் போய் இறங்கும்போது இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும் நாடுகள் நிறைய. ஆகவே அந்தத் தேதிக்கு 6 மாதம் முன்னால், புதுப்பிக்க எடுக்கும் காலத்துக்கு மேலும் கொஞ்சம் முன்னால், சுவரில் எழுதுங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் பெரியவர்களுடையதைவிடக் குறைந்த காலத்துக்கே பல நாடுகளில் தரப்படுகிறது, அதைத் தனியாகப் பாருங்கள். வங்கியிலும் காப்பீட்டிலும் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது கட்டாயம். வீட்டில் ஒரு குழந்தை பிறந்திருக்கும், ஒருவர் இறந்திருப்பார், தாளில் மட்டும் பழைய பெயரே இருக்கும்.

மூன்றாவதாக வெற்று நாள்கள். ஆம், வெறுமையையும் பேனாவில் எழுத வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறை வளைத்துக் கோடு போட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிடுவோம். யாராவது அழைத்தால், “அன்னைக்கு வேற வேலை இருக்கே” என்று மனசாட்சி உறுத்தாமல் சொல்லலாம். சுவரில் எழுதியிருக்கிறதே.

ஆசைகள் கடைசியில்தான். அதிலும் வயதில் சின்னவரிலிருந்து ஆரம்பியுங்கள். அப்பா முதலில் பேசினால் பிள்ளைகள் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். என் மகன் கேட்டது: “அம்மாவுக்கு நைட் டூட்டி முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை வேணாம். தூங்கி எந்திரிச்ச ஞாயித்துக்கிழமை வேணும்.” இதற்குப் பணம் தேவையில்லை, டூட்டிப் பட்டியல் வந்ததும் பென்சிலை எடுத்தால் போதும். முடியாததை முடியாது என்று அன்றே சொல்லிவிடுங்கள். ‘பார்க்கலாம்’ என்பது பெரியவர்கள் காதில் மறுப்பாகவும் பிள்ளைகள் காதில் சம்மதமாகவும் விழுகிறது. “இந்த வருஷம் இல்லை, அடுத்த ஜனவரியில் திரும்பக் கேள்” என்றால் முகம் சுருங்கும், பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும்.

பெரிய வேலைகளுக்கு, உதாரணமாக வீட்டுக்கு வெள்ளையடிப்பது, எத்தனை நாள் என்று யாரும் மனதுக்குத் தோன்றியதைச் சொல்ல விடாதீர்கள். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே சொன்ன விஷயம்தான்: மனிதர்கள் தங்கள் வேலைக்கு எப்போதும் குறைவாகத்தான் நாள் போடுவார்கள். பிறகு 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்புக்கான ஆய்வேட்டை 34 நாளில் முடிப்போம் என்று சராசரியாகச் சொன்ன மாணவர்கள், 55 நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே, “போன தடவை எத்தனை நாள் ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். அந்த எண்ணைச் சுவரில் எழுதுங்கள்.

உடம்புக்கும் தேதி

இங்கே என் தொழில் புத்தி எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவசரப் பிரிவில் நள்ளிரவில் ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்கும்போது, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: “காலையில ஒரு வெள்ளை மாத்திரை சிஸ்டர், சின்னது. ராத்திரி ஒரு மஞ்சள்.” வெள்ளை மாத்திரைகள் எத்தனை ஆயிரம் உண்டு என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? கூட வந்தவர் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பார். ஜனவரிக் கூட்டத்தில் வேறு எதையும் செய்யாவிட்டாலும், ஆளுக்கு ஒரு தாள் எழுதுங்கள். பெயர், பிறந்த தேதி, இரத்த வகை, ஒவ்வாமை, மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது, எந்த மருத்துவர், செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள். மாத்திரை அட்டையைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். தாளின் மேலே எழுதிய தேதி இருக்கட்டும். அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி, படமெடுத்து எல்லோர் கைபேசியிலும் வையுங்கள்.

கையோடு மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துவிடலாம். அட்டையில் மாதமும் வருஷமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை என்று பொருள். கண் சொட்டு மருந்துக்கு அது செல்லாது. திறந்து 4 வாரம் ஆனால் பெரும்பாலானவற்றைக் கழித்துவிட வேண்டும். திறக்கும் நாளைப் பாட்டில் மேலேயே எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

சுவரில் ஏற வேண்டிய பரிசோதனைகள்: எல்லோருக்கும் பல், பிள்ளைகளுக்குக் கண், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் விழித்திரையை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வது வழக்கமான அறிவுரை. பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். விழித்திரைப் பாதிப்பு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது, அதனால்தான் தேதி போடச் சொல்கிறேன். ஃப்ளூ தடுப்பூசியை முன்பே போட்டாச்சு என்று சொல்ல முடியாது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் ஊசியின் கலவை பற்றிப் புதிதாகப் பரிந்துரை தருகிறது. டெட்டனஸ் ஊசியைப் பெரியவர்களுக்கும் 10 வருஷத்துக்கு ஒருமுறை போடச் சொல்லும் நாடுகள் பல. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பது நினைவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்பதற்கு ஒரு நாளை எழுதுங்கள்.

வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் ஒன்று மட்டும். மாடிப்படி ஏறி வந்த கையோடு பட்டையைச் சுற்றாதீர்கள். ஐந்து நிமிஷம் முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, பேசாமல் உட்கார்ந்த பிறகு பாருங்கள். அத்தையை ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைப்பதுதான் எங்கள் வீட்டில் கடினமான மருத்துவம்.

“சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே”

இந்த வசனம் வராத வீடு உண்டா? சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, சொன்னால் செய்திருப்பார்தான். ஆனால் கவனித்து, நினைவு வைத்து, சரியான நேரத்தில் சொல்வதே ஒரு முழு வேலை. அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் தம்பதிகளைப் பேட்டி கண்டு 2019-ல் எழுதிய கட்டுரையில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத உழைப்பை நாலாகப் பிரிக்கிறார்: தேவை வரப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது இருவரும் இருப்பார்கள். முதலாவதும் நாலாவதும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகின்றன என்று அவர் கண்டிருக்கிறார். இதை வாசித்தபோது யாரோ எங்கள் சமையலறையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த மாதிரி இருந்தது.

செய்ய வேண்டியது இது. ஒரு தாளில் வேலைகளை எழுதாமல், நினைவில் வைத்திருப்பவற்றை எழுதுங்கள். பள்ளியிலிருந்து வரும் அறிவிப்பு, சீருடை சின்னதாகிவிட்டதா, எரிவாயு தீரும் நாள், மின்கட்டணம், அத்தையின் மருந்து மறு வாங்கல், யாருக்குப் பிறந்தநாள், தண்ணீர் வடிகட்டி மாற்றுவது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இப்போது யார் தலையில் இருக்கிறது என்று பெயர் எழுதுங்கள். ஒரே பெயர் வரிசையாக வரும்போது விளக்கம் தேவைப்படாது. எங்கள் தாளைப் பார்த்து என் மகள், “அம்மா, இது நம்ம வீட்டுப் பட்டியலா, உன் பயோடேட்டாவா?” என்றாள்.

பிறகு கைமாற்றுங்கள். மாற்றுவதை முழுசாக மாற்ற வேண்டும், நாலு படியும் சேர்த்து. பள்ளி சம்பந்தப்பட்டது அனைத்தும் இப்போது என் கணவருடையது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் வெளியே வந்துவிட்டேன். அதுதான் உண்மையான கைமாற்றம். குழுவில் இருந்துகொண்டே ‘நீங்க பாத்துக்கோங்க’ என்றால் பொறுப்பு நம்மிடமே தங்கிவிடும். அவர் நம்மைப்போல் செய்ய மாட்டார். சுற்றுலாவுக்குப் பிள்ளை வேறு நிறத் தொப்பியோடு போவான். போகட்டும், வாயைத் திறக்காதீர்கள். மின்கட்டணம் மகளுக்கு, பிறந்தநாள்கள் அத்தைக்கு (அவருக்குத்தான் எல்லாம் ஞாபகம்), தண்ணீர் பாட்டில்களை நிரப்புவது மகனுக்கு.

சபதம் எடுத்தே ஆக வேண்டும் என்றால்

ஆளுக்கு ஒன்று, அதற்குமேல் வேண்டாம். ‘உடற்பயிற்சி செய்வேன்’ என்று எழுத விடாதீர்கள். ‘சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தெருமுனைவரை ஒரு நடை’ என்று எழுதச் சொல்லுங்கள். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்பதைச் சேர்த்துத் தீர்மானித்தால் அது நிறைவேறும் வாய்ப்பு கூடுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் தொண்ணூறுகளிலிருந்தே பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், நடுவாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள்வரை வித்தியாசம் இருந்தது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே மார்ச் முதல் வாரத்தில் சபதத்தின் பெயரை இன்னொரு தடவை எழுதி வையுங்கள். அதுவரை யாரையும் கிண்டல் செய்யக் கூடாது.

மாதக் கடைசியில் இருபது நிமிஷம்

மாதத்தின் கடைசி ஞாயிறு எல்லோரும் சுவர் முன்னால் நின்றபடியே அடுத்த மாதத்தை மட்டும் பாருங்கள். உட்கார்ந்தால் நேரம் நீளும். பென்சிலில் இருப்பதில் எது பேனாவாக மாறுகிறது, எது அழிகிறது, மோதல் எங்கே, யார் எதைப் பார்த்துக்கொள்கிறார்கள். நடக்காமல் போனதற்கு விசாரணை வேண்டாம், புதுத் தேதி போடுங்கள். இரண்டு தடவை தள்ளிப்போனது மூன்றாவது தடவையும் வந்து நின்றால், அது இந்த வீட்டுக்கு அவ்வளவு வேண்டியதில்லை என்று அர்த்தம், அழித்துவிடலாம். ஜூலையில் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்து, தனிக் கணக்கில் சேர்ந்த பணத்தையும் வரவிருக்கும் செலவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குறைகிறது என்றால் மீதி மாதங்களுக்கு மாதத் தொகையைக் கூட்ட இன்னும் அவகாசம் இருக்கும்.

முடிந்த மாதத்தின் தாளைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது, வண்டி எப்போது பழுதுபார்க்கப் போனது, வெள்ளையடிக்க எத்தனை நாள் ஆனது என்பதெல்லாம் ஓரங்களில் கிறுக்கியபடி இருக்கும். பன்னிரண்டையும் ஒரு கிளிப்பில் மாட்டி வைத்தால் அடுத்த ஜனவரிக்கு முந்தின நாள் மாலை வேலை பாதியாகிவிடும்.